நான் பார்க்காத கடைசி ரீல்

1. ஒரே மெஷின்

பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் தென்காசி வட்டாரத்தில் புரொஜக்டரை அக்கக்காகக் கழற்றி மறுபடி பூட்டத் தெரிந்த முதல் ஆள் நான்தான். மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் கைவிட்ட மெஷினை, ஒரு துண்டு சைக்கிள் டியூபை வைத்து ஓட வைத்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், இருந்தாலும் உண்மை.

அப்போது யுத்த காலம். தென்காசியில் போட்டிருந்த எங்கள் டூரிங் கொட்டகையில் ஒரே மெஷின். கார்பன் குச்சி எரிந்தால்தான் திரையில் வெளிச்சம். அந்தக் குச்சியோ குதிரைக் கொம்பு. கட்டைக் குச்சியையும் வீணாக்காமல் எரிக்க வேண்டும். அதனால் என் கண் கார்பனிலேயே இருக்கும், திரைக்குப் போகாது. கடைசி ரீலை மாட்டியதும், ஒரு கையால் முந்தைய ரீல்களை அடுத்த ஆட்டத்துக்காக ரீவைண்ட் செய்யத் தொடங்கிவிடுவேன். மற்ற ஆபரேட்டர்கள் கூட்டம் கலைந்த பிறகு செய்கிற வேலை அது. “நம்ம ஆட்டம் ஒரு நிமிஷம் பிந்தாது முதலாளி” என்று மார் தட்டுவேன்.

2. வெயிலில் குடை

அந்த ஆனி மாதம் ஒரு குடும்பப் படம் வந்தது. பெண்டாட்டி பேச்சுக்குக் காது கொடுக்காத ஒரு வியாபாரி. அவள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாய் வீட்டுக்குப் போய்விடுகிறாள். அதுவரை காதால் கேட்டே எனக்கு வசனமெல்லாம் மனப்பாடம். கடைசி ரீலில் வசனம் கிடையாது. மழைச் சத்தம் மட்டும் கேட்கும்.

இரண்டாம் வாரம் முதலாளி ஓடி வந்தார். “என்னவே இது! நம்ம படத்தப் பாத்துட்டு ஊர்ப் பொம்பளைய எல்லாம் மூட்டையக் கட்டுதாளுவ. கொட்டகையக் கொளுத்திருவானுவ போலிருக்கே!”

யாரும் கொளுத்தவில்லை. அதைவிட வேடிக்கை நடந்தது. புருஷன்மார் குடையை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். ஒருவன் உச்சி வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு, வாய் திறக்காமல், இலத்தூரில் மாமியார் வாசலில் நின்றானாம். சாயங்காலம் பெண்டாட்டியோடு திரும்பினான். ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

என் மனைவி கோமதி அந்தப் படத்தைத் தினமும் பெண்கள் பகுதியில் உட்கார்ந்து பார்த்தாள். எனக்கு வாழ்க்கைப்பட்டு ஆறு வருஷம். சீசனில் ஒரு நாள் என்னோடு குற்றாலத்துக்குப் போய்க் குளிக்க வேண்டும் என்பாள். மூன்று மைல்தான். சீசனில்தான் எங்களுக்குக் கூட்டம், எப்படிப் போக?

ஒரு நாள் காலையில் பெட்டியோடு நின்றாள். “நான் எங்க அம்ம வீட்டுக்குப் போறேன். நீங்க வந்து கூப்பிட்டா வாறேன்.”

“போனா போ. நாலு நாள்ல தானா வருவே” என்றேன்.

அவள் வாசுதேவநல்லூருக்குப் பஸ் ஏறினாள்.

பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கிற செல்லம்மா என்னைக் கண்டபோதெல்லாம் கேட்டாள். “அண்ணாச்சி, குடைய எடுத்துட்டுப் போகலியா?”

“மழை எங்கட்டி பெய்யுது?”

“அதான் தெனமும் காட்டுதீயளே, தெரியாத மாதிரிக் கேக்கீய!”

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். அர்த்தம் கேட்டால் என் கௌரவம் என்ன ஆவது? நாலு நாள் நாலு மாதமாயிற்று, பிறகு வருஷமாயிற்று. நானே பொங்கினேன், நானே தின்றேன்.

3. சும்மா இருந்த கை

மறு வருஷம் சீசன் முடிந்த பிறகு கொட்டகை பாவூர்சத்திரத்தில். அதே படம் மறுபடி வந்தது. முதல் நாளே எரிகிற கார்பனில் வலது கையைச் சுட்டுக்கொண்டேன். கார்பனையும் ரீவைண்ட் வேலையையும் புது அசிஸ்டென்ட் பார்த்துக்கொண்டான். கை சும்மா இருந்ததால், மெஷின் அறையின் ஓட்டை வழியாக முதல் தடவையாகக் கடைசி ரீலைப் பார்த்தேன்.

வியாபாரி குடையோடு மாமியார் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். உள்ளே போகவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. குடையை விரித்து அவளுக்காக நீட்டிக்கொண்டு, தான் மழையில் நனைகிறான். அவள் வருகிற வரை நிற்கிறான்.

கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். போன வருஷமும் இப்படித்தான் அழுதிருப்பார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம், அதைக் காட்டினவனுக்கு மட்டும் தெரியாது.

மறுநாள் காலையில் கட்டுப்போட்ட கையோடு குடை வாங்கி, வாசுதேவநல்லூர் போய் அவள் வாசலில் விரித்து நின்றேன். கோமதி வெளியே வந்தாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள். கைக்கட்டைப் பார்த்தாள்.

“பஸ் சத்தம் கேக்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடியாந்தேன். அடுத்த சீசன் வரைக்கும் ஓடியாந்தேன். இப்ப கேட்டாலும் எந்திரிக்கிறதில்ல” என்றாள். குரலில் கோபமே இல்லை. “வெயிலு ஏறுது, பாத்துப் போங்க.”

குடையை அவள் வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஆபரேட்டர் வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். நாம் காட்டுவதை ஜனங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். என்ன எடுத்துப் போகிறார்கள் என்று காட்டுகிறவனுக்குத் தெரிய வேண்டும். கடைசி ரீல் ஓடும்போது கை வேலையை நிறுத்திவிட்டு ஓட்டையில் கண்ணை வை. ரீவைண்ட் பிறகு செய்துகொள்ளலாம். ஆட்டம் ஐந்து நிமிஷம் பிந்தினால் முதலாளி திட்டுவார், அவ்வளவுதான்.

நான் பிற்பாடு சொந்தமாகவே கொட்டகை போட்டேன். தென்காசியில் என் வீடு மாடி வீடு. ஆனியில் சாரல் ஜன்னல் வரைக்கும் வரும். குற்றாலம் மூன்று மைல்தான். இன்னும் போகவில்லை.