அரையிஞ்சு மாஸ்டருக்கு வந்த புதுக்கண்

தையல் மாஸ்டருக்கு அந்தத் தெருவில் அரையிஞ்சு என்றுதான் பெயர். பேண்ட் இடுப்பில் இறுக்குகிறது என்று யார் வந்து நின்றாலும், டேப்பைக் கையில் எடுக்காமலேயே, "அரையிஞ்சு பிரிச்சு விட்டாப் போதும், யாருக்கும் தெரியாது" என்பார். தெருவே பருத்துக்கொண்டிருந்த ரகசியத்தை முப்பது வருடமாக அரையிஞ்சு அரையிஞ்சாகக் காப்பாற்றி வந்தவர்.

வயது ஐம்பத்தாறு. மாடிப்படிக்குக் கீழே கடை. ஒரு மெஷின், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு எதிரே பஸ் நிறுத்தம். மதியம் வீடுவரை நடக்கச் சோம்பல். வெந்நீர் ஊற்றினால் மூன்று நிமிடத்தில் தயாராகும் கப் நூடுல்ஸும் ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட்டும்தான் பல வருடச் சாப்பாடு. இரண்டு மாதமாக அதோடு கேரட் ஜூஸும் சேர்ந்துகொண்டது. பெட்டியின் மேல் ஒரு கேரட், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வீசிவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும். அந்தச் சிரிப்பை அவர் நம்பிவிட்டார்.

நம்பியதற்குப் பலனும் கிடைத்தது. ஒரு நாள் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர், ஊசியில் நூல் கோத்துப் பார்த்தார். முதல் தடவையிலேயே உள்ளே போனது.

"பத்து வருஷக் கண்ணாடி போச்சு! எல்லாம் கேரட்!" என்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து கூத்தாடினார்.

மனைவி ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை செய்பவள். "கண்ணுக்கே பெட்டியில வருதுன்னா, மூளைக்கும் வருதான்னு கேட்டு ஒண்ணு வாங்கிக்குங்க" என்றாள்.

கேலி செய்தாலும் அவளுக்கும் உள்ளூர நிம்மதிதான். ஆஸ்பத்திரிக்கு அறுபது சீருடைச் சட்டை தைக்கும் வேலையை, சூப்பர்வைசரிடம் தன் வாக்கைக் கொடுத்து அவள்தான் அவருக்கு வாங்கிக் கொடுத்திருந்தாள். கருநீலத் துணி, கருநீல நூல், சட்டைக்கு ஆறு காஜா. பொத்தான் துளையைச் சுற்றிக் கையால் பின்னுகிற அந்தக் காஜாவில்தான் தையல்காரரின் மானம் இருக்கிறது. மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டும். கண் சரியில்லை என்றால் அவர் வேலையும் போச்சு, அவள் வாக்கும் போச்சு.

நாளுக்கு ஒரு பெட்டி மூன்றானது. அவ்வளவு தாகம். அரைமணிக்கு ஒரு முறை மெஷினை நிறுத்திவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினார். பேண்ட் தளர்ந்தது, தன் இடுப்பையே அரையிஞ்சு பிடித்தார், பிறகு இன்னொரு அரையிஞ்சு. இளமை திரும்புகிறது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டார்.

ஒரு நாள் மனைவி கடைக்கு வந்தபோது ஜன்னல் வழியே கத்திக்கொண்டிருந்தார். "என்ன மச்சான், பாத்தும் பாக்காத மாதிரி நிக்கறே? அவ்வளவு பெரிய ஆளாயிட்டியா?"

"யாரைத் திட்டறீங்க?"

"உன் தம்பியைத்தான். பத்து நிமிஷமாக் கூப்பிடறேன், அசைய மாட்டேங்கறான்."

அவள் எட்டிப் பார்த்தாள். "அது குப்பைத்தொட்டிங்க. யாரோ குடையைச் சாத்தி வெச்சிருக்காங்க. என் தம்பியை நீங்க என்னன்னு நினைச்சிருக்கீங்கன்னு இப்பத்தான் தெரியுது."

அப்படியே கையைப் பிடித்துக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துப் போனாள்.

கண்ணாடிக் கடைக்காரர் எழுத்துப் பலகையைக் காட்டிச் சோதித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "போன வருஷம் கிட்டத்துல தெரியலை. இப்ப தூரத்துல தெரியலை. அண்ணே, தாகம் அதிகமா இருக்கா? அடிக்கடி ஒண்ணுக்குப் போறீங்களா?"

"கண்ணைப் பாருன்னா நீ எங்கெங்கேயோ பாக்கறியே தம்பி!"

"கண்ணாடி இப்பப் போட மாட்டேன். முதல்ல ரத்தத்துல சர்க்கரை பாத்துட்டு வாங்க."

நானூற்றுப் பதினெட்டு. டாக்டர் மாத்திரை எழுதினார். இது பல வருடமாகச் சேர்ந்தது, அப்பாவுக்கும் இருந்திருக்கிறது, பாக்கெட்டுகள் வேகமாகத் தள்ளிவிட்டன என்றார். ஜூஸ், பிஸ்கட், நூடுல்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே கோடு.

"கேரட் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று வீட்டில் வாதாடினார்.

அவர் கழற்றிப் போட்ட கண்ணாடியை மனைவி மாட்டிக்கொண்டு, பெட்டியின் பின்பக்கம் எறும்பு வரிசை மாதிரி இருந்த எழுத்தைப் படித்தாள். கேரட் நூற்றுக்கு நாலு பங்கு. சர்க்கரை இருபத்தெட்டு கிராம். டம்ளரில் ஏழு கரண்டி சர்க்கரை போட்டு அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் இன்னொரு டம்ளர். இன்னொன்று.

"இது உங்க ஒரு நாள் அளவு. பிடிச்சு விடலாமா, பிரிச்சு விடலாமா?"



பத்து நாளில் குப்பைத்தொட்டி மறுபடி குப்பைத்தொட்டியானது. பஸ் நம்பர் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் ஊசியின் காது காணாமல் போனது. பழைய கண்ணாடி போட்டும் பிடிபடவில்லை. இருபத்து மூன்று சட்டை பாக்கி, எட்டு நாள்தான் இருந்தது. சர்க்கரை இருந்தவரை கண் இருந்தது, மாத்திரை வந்தது, கண் போனது: அவர் கணக்கு இவ்வளவுதான். ஆர்டர் முடிகிறவரை மட்டும் என்று ஒரு பெட்டி ஜூஸ் வாங்கி உறிஞ்சுகுழாயும் குத்திவிட்டார். குடிக்கும் முன் யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. பெட்டியும் கையுமாகக் கண்ணாடிக் கடைக்குப் போனார்.

"உன் பேச்சைக் கேட்டு என் கண்ணு போச்சு தம்பி!"

கடைக்காரர் பெட்டியைப் பார்த்தார். "அண்ணே, புதுப் பருத்தித் துணி வந்தா உடனே வெட்டுவீங்களா?"

"எந்தப் பைத்தியக்காரன் வெட்டுவான்? நனைச்சு, காய வெச்சு, சுருங்கினப்புறம்தான்."

"உங்க கண்ணு இப்ப காய்ஞ்சுட்டு இருக்கிற துணிண்ணே. ரத்தத்துல சர்க்கரை ஏறினதும் கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் தண்ணி குடிச்சு ஊதிப் போச்சு. அதான் ஊசி தெரிஞ்சுது. இப்ப மறுபக்கம் கொஞ்சம் தாண்டிப் போயிட்டு, மெதுவாப் பழைய அளவுக்கு வருது. சில வாரம் ஆகும். நடுவுல நான் அளவெடுத்தா?"

"வெட்டினது வீண்" என்றார் மாஸ்டர், தன்னையறியாமல்.

"இதைக் குடிச்சா?"

மாஸ்டர் குத்திய குழாயை உருவினார். "காயப்போட்ட துணியை மறுபடி வாளியில முக்கின மாதிரி." பெட்டியை மேஜையில் வைத்துவிட்டார்.

கடைக்காரர் பெரிதாகக் காட்டும் கண்ணாடி ஒன்றைத் தற்காலிகமாகக் கொடுத்தனுப்பினார். மனைவி தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் முப்பது ஊசியில் நூல் கோத்து வரிசையாகக் குத்தி வைத்தாள். "முப்பதாவது ஊசி முடியறதுக்குள்ள தெருவுல யாரையும் திட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். கடைசி நாள் மதியம் அறுபதாவது சட்டை முடிந்தது. ஒன்றில் மட்டும் ஒரு காஜா கோணல். சட்டைகளைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு மனைவியுடையது. அதை, எப்போதும் மேலே கோட்டு மாட்டியிருக்கும் சூப்பர்வைசருக்கே கொடுத்துவிட்டாள்.

சர்க்கரை ஒரு நிலைக்கு வந்தபின் கண்ணை மறுபடி சோதித்தார்கள். புதுக் கண்ணாடியே தேவைப்படவில்லை. அலமாரியில் கிடந்த பழையதே அச்சாகப் பொருந்தியது.

உடம்பும் கொஞ்சம் தேறி, பேண்ட் இறுக்கியது.

"அரையிஞ்சு பிரிச்சு விட்டாப் போதும், யாருக்கும் தெரியாது" என்றாள் மனைவி, அவர் குரலிலேயே.

மாஸ்டர் டேப்பை எடுத்துத் தன் இடுப்பைச் சுற்றினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஒரு இஞ்சு" என்று முணுமுணுத்தார்.

"கேக்கலை."

"ஒரு இஞ்சுடி! போதுமா?"