தொடாதே அக்கா

எங்கள் பட்டறையில் குழாய்ப் பூச்சைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவர் ஒரு பெண். என்னைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் எல்லாருக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்கா. அவரோ என்னை அண்ணே என்பார். இந்த உறவுக் குழப்பத்தை நாங்கள் கடைசிவரை சரிசெய்யவே இல்லை. முதுகுக்குப் பின்னால் அவருக்குத் ‘தொடாதே அக்கா’ என்று பெயர். வைத்தவன் நான்தான்.

எரிவாயுக் குழாய் உள்ளிருந்து கெடும். வாயுவோடு வரும் ஈரம் அமிலமாகி இரும்பை அரித்துவிடும். அதைத் தடுக்க, உட்புறத்தில் காற்றழுத்தத்தால் உலோகத் துகள் அடித்துத் துருவை எடுத்துவிட்டு, அலுமினியக் கம்பியை உருக்கிப் பீய்ச்சுவது என் வேலை. துகள் அடித்த இரும்பை வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் வியர்வையின் உப்பு போதும், பூச்சு பின்னாளில் கொப்புளித்து உரியும். அக்கா உள்ளே நுழையும்போதே “தொடாதே!” என்று கத்துவார். டீ கிளாஸைத் தொட்டவன்கூடக் கையை எடுத்துவிடுவான்.

ஒரு மதியம், கண்ணில் வழிந்த வியர்வையைத் துடைக்கக் கையுறையைக் கழற்றினேன். கால் தடுக்கியது. விழாமலிருக்க நான் பிடித்தது குழாயின் வாயை. ஐந்து விரலும் உள்ளே பளிச்சென்று பதிந்துவிட்டன. எரிவாயு நிலையத்துக்குப் போகும் லாரி வெளியே காத்திருந்தது. நான் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவன். மூன்றாவது வந்தால் வீட்டுக்குத்தான் போகவேண்டும். கமுக்கமாக அதன் மேலேயே பீய்ச்சிவிட்டேன். அக்கா கருவியை வைத்துப் பார்த்தார். அது பூச்சின் தடிமனைத்தான் சொல்லும், அடியில் இருக்கும் திருட்டுத்தனத்தைச் சொல்லாது. கையெழுத்துப் போட்டார். லாரி கிளம்பிவிட்டது.

வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி துருவித் துருவிக் கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

“அந்தக் குழாய்க்கு யாரு கையெழுத்து போட்டது?”

“அக்கா.”

“அப்போ நாளைக்கு ஓட்டை விழுந்தா மாட்டுறது அவங்கதானே? நீங்க நல்லா சாப்பிடுங்க” என்று தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

காலையில் முதல் வேலையாக அக்காவிடம் போய் உளறிக் கொட்டிவிட்டேன். திட்டு விழும் என்று நின்றேன். அவர் என் உள்ளங்கையைப் பார்த்தார், போனை எடுத்தார், லாரியைத் திருப்பச் சொன்னார்.

மேலாளர் தாம்தூம் என்று குதித்தார். “யாரு பண்ண வேலை இது?”

“சரியா பாக்காம கையெழுத்து போட்டது நான் சார்.”

நான் வாயைத் திறக்கப் போனேன். மேலாளருக்குத் தெரியாமல் அக்கா விரலை ஆட்டி என்னை அடக்கினார்.

பூச்சை முழுவதும் எடுத்து, மறுபடி துகள் அடித்து, நானே பீய்ச்சினேன். எனக்கு வரவேண்டிய கடிதம் அக்காவுக்குப் போனது. அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வும் கைநழுவிப் போனது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதன்பிறகு என் வீட்டில் அடுப்பு எரிந்தது அவர் தயவில்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

ஒன்பது வருடம் கழித்து, அந்த நிலையத்தின் குழாய்களைச் சோதனைக்காகக் கழற்றினார்கள். அக்கா என்னையும் கூட்டிப்போனார். குழாய்களில் பொறித்த எண்களைப் பார்த்துத் தேடி, அதே குழாயின் முன்னால் போய் நின்று டார்ச் அடித்தார். உள்ளே ஒரு கொப்புளம் இல்லை, ஒரு துருப்புள்ளி இல்லை. நான் பழக்கதோஷத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

“என்ன அண்ணே, தள்ளியே நிக்கிறீங்க?” என்றார். “இப்ப தொடலாம்.”

கையுறையைக் கழற்றினேன்.