கத்தரிக்காய் தொடாதவன்

இயக்கத்தில் இருந்த காலத்தில் பக்கத்தில் படுப்பவனிடம்கூட வீட்டுப் பெயரையோ ஊரையோ நாங்கள் கேட்பதில்லை. அது கட்டளை. அதனால், என் கண்முன்னே செத்த தோழனைப் பற்றி இப்போது சிறுகதை எழுத உட்கார்ந்தபோது, அவனுக்கு ஊரையும் வீட்டையும் நானே கொடுக்க வேண்டியிருந்தது. எழுத்தாளனுக்கு அது வசதி என்று நினைப்பவர்கள் ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும். அவனை விசுவமடுவில் பிறக்க வைத்தேன். கத்தரிக்காயை விரலாலும் தொடமாட்டான் என்று எழுதினேன்.

கதை சஞ்சிகையில் வந்த சில நாட்களில், விலாசம் விசாரித்துக்கொண்டு விசுவமடுவிலிருந்து ஓர் அம்மா நான் இருக்கும் முரசுமோட்டைக்கு வந்துவிட்டார். வீட்டில் இருந்த ஒரே கதிரையை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் நின்றேன்.

"தம்பி, கதையில வாறது என்ர மகன்தானே? இயக்கத்துக்குப் போன பிள்ளை இன்னும் வரேல்லை."

"இல்லையம்மா, அது கற்பனை."

"கற்பனையெண்டால் அவன் கத்தரிக்காய் தொடமாட்டான் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

உண்மையில் என் தோழன் எதையும் மிச்சம் வைக்காதவன். என் தட்டில் கிடக்கும் கத்தரிக்காயையும் அவன்தான் எடுத்துத் தின்பான்.

"அம்மா, கத்தரிக்காய் தொடாதது நான்."

அவர் சஞ்சிகையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

கத்தரிக்காய் தொடாதவன் என்று அடையாளம் சொல்லி என்னைத் தேட இப்போது ஒருவரும் இல்லை.