பன்னிரண்டு லப்டொப்பும் ஒரு கிளிபோட்டும்

யோகராணியின் கைகள் பழைய லப்டொப் ஒன்றின் விசைகளுக்கிடையில் பஞ்சுக் குச்சியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தன. முதலில் ஒரு பிஸ்கற் துண்டு வந்தது. பிறகு ஒரு நகம். யாருடைய நகம் என்று அவர் யோசிக்கவில்லை. இருபத்துநாலு வருடம் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தவர். மனிதர்களின் காதிலும் பல்செட்டிலும் இருந்து வராததா இதிலிருந்து வரப்போகிறது? குச்சியைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தார். பன்னிரண்டில் இது பதினோராவது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவருக்கு விமானம். கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவின் ரூஜ் பகுதி வீட்டிலிருந்து ஆபிரிக்காவில் மலாவியின் தலைநகர் லிலோங்வேக்கு. அங்குள்ள கணினிப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் மூன்று மாதம் சம்பளமில்லாமல் படிப்பிக்கப் போகிறார்.

அறுபத்தேழு வயதில் இதென்ன கூத்து என்று கேட்டவர்கள் உண்டு. கூத்து பழையது. முதியோர் இல்லத்தில் குறிப்பெழுதுவதைக் கடதாசியிலிருந்து கணினிக்கு மாற்றியபோது, கூட வேலை செய்தவர்கள் கழிவறைக்குள் போய் அழுதார்கள். யோகராணி எல்லாப் பொத்தானையும் ஒருமுறை அமத்திப் பார்த்தார். "உடைஞ்சா அவையின்ர, பழகினா என்ர" என்பது அவர் கணக்கு. இரண்டு மாதத்தில் அந்த மாடியில் எல்லோருக்கும் அவர்தான் வாத்தியார். அங்கே தாதியாக இருந்த மலாவிக்காரி கிரேஸ் அதை மறக்கவில்லை. தம்பி ஊரில் பள்ளி தொடங்கியதும், "பயந்தவர்களுக்குப் படிப்பிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்" என்று நேரே இவரிடம்தான் வந்தாள்.

பள்ளியில் இருபத்துநாலு மாணவர்கள். கணினி ஒன்றுகூட இல்லை. காட்போட் மட்டையில் விசைகளை வரைந்து அதில் விரலால் தட்டிப் பழகுகிறார்கள். அலுவலகங்கள் கழித்துவிட்ட பன்னிரண்டு லப்டொப்பைச் சேர்த்துக் கொண்டுவருவதாக யோகராணி வாக்குக் கொடுத்திருந்தார். கிரேஸின் தம்பி சோடி சோடியாகப் பெயர் அனுப்பியிருந்தார். அவற்றை அச்சடித்து மூடிகளில் ஒட்டியும் ஆயிற்று. ஒன்றில் சிகோண்டியும் லிம்பானியும், இன்னொன்றில் தண்டிவேயும் கொண்ட்வானியும்.

விமானத்தில் இரண்டு பெட்டி, பெட்டிக்கு இருபத்துமூன்று கிலோ. லப்டொப்பும் சார்ஜரும் முப்பத்துமூன்று. உடுப்பைப் பாதியாகக் குறைத்தும், மருந்தோடும் கேபிளோடும் பதினொன்று. மிச்சம் இரண்டு கிலோ.

அந்த இரண்டு கிலோவை மோப்பம் பிடித்துக்கொண்டு முதலில் வந்தவர் மூன்றாம் வீட்டுப் பேர்ணடெற். கையில் இறுக்கிக் கட்டிய பாசல்.

"லிலோங்வேக்கெல்லோ போறாய் பிள்ளை? எங்கட கிளிபோட் அங்கைதான் எஞ்சினியரா நிக்கிறான். தங்கச்சியின்ர மோன். கொஞ்சம் தூள் இடிச்சனான்."

"எவ்வளவக்கா?"

"மூண்டு கிலோ."

"இரண்டுக்குத்தான் இடமிருக்கு."

"இரண்டுக்கும் மூண்டுக்கும் நடுவிலை என்னடி பெரிய வித்தியாசம்?"

அவர் போன கையோடு கிளிபோட்டின் சித்தப்பா இரத்தினவேல் வந்தார். அவரிடமும் மிளகாய்த்தூள். "பேர்ணடெற் தன்ர தூளைக் குடுத்து விட்டவவே? நிறம்தான் இருக்கும், வாசம் இராது. இதையும் வையுங்கோ." பிறகு கிளிபோட்டின் மச்சாள் அன்ரனெற் வந்தார். அவருடைய தூளில் பெருஞ்சீரகம் கூட. லிலோங்வேயில் ரொறன்ரோக்காரர் அறிய ஒரேயொரு தமிழன் இருந்தான். ஸ்காபரோவில் பாதிப் பேர் அவனுக்குச் சொந்தமாக இருந்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குள் மேசையில் பதினொரு கிலோ தூள்.

சாமான் கட்ட உதவிக்குப் பிக்கரிங்கிலிருந்து வந்திருந்த மகள் நிலாணிக்குத் தும்மல் நிற்கவில்லை.

"அம்மா, ஜஸ்ட் நோ எண்டு சொல்லுங்கோவன்!"

"சென் ஜேம்ஸ் ரவுணிலை பதினேழாம் மாடியிலை உன்னை இரண்டு வருசம் வைச்சுப் பாத்தவ பேர்ணடெற் அக்கா. அதாலைதான் நான் படிச்சு வேலை எடுத்தனான். நோ எண்டதை நீயே போய்ச் சொல்லு."

நிலாணி மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த கேபிளைச் சுற்றினாள்.

யோகராணி குளியலறைத் தராசைக் கொண்டுவந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்றார், பிறகு தான் மட்டும் ஏறி நின்றார், கழித்துப் பார்த்தார். எப்படிக் கழித்தாலும் நாலு லப்டொப் வெளியே நிற்கவேண்டும். எடுத்து வைத்தார். மூடிகளில் எட்டுப் பெயர்கள். யோகராணிக்கு அது பிடிக்கவில்லை. கிளிபோட்டின் நம்பரை எடுத்து வீடியோவில் அழைத்தார்.

அங்கே இரவு எட்டு மணி. நாற்பத்தைந்து வயது மனிதர், பாண் துண்டைப் பாலில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, நாளைக்கு வெளிக்கிடுறன். உமக்குப் பதினொரு கிலோ தூள் வந்திருக்கு. அவ்வளவும் வேணுமோ?"

கிளிபோட் பாணை வைத்துவிட்டார். "அன்ரி, பக்கத்திலை எங்கட ஆக்கள் ஆரும் நிக்கினமே?"

"இல்லை."

அவர் எழும்பிப்போய் ஓர் அலுமாரியைத் திறந்து காட்டினார். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுவரை போத்தலும் பொலித்தீன் பையும். "உது முழுக்கத் தூள். இந்தப் பக்கம் ஆர் வந்தாலும் குடுத்து விடுகினம். எனக்கு அல்சர் அன்ரி. அஞ்சு வருசமாத் தூள் வாயிலை வைக்கேல்லை."

யோகராணிக்குத் தூள் மறந்து தொழில் முன்னுக்கு வந்தது. "கறுப்பா வெளிக்குப் போனதோ?"

"அன்ரி, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன்."

"வெறும் வயித்திலை எரியுதோ, சாப்பிட்டாப் பிறகோ?"

ஐந்து நிமிட விசாரணையில், அவர் டொக்ரரிடம் ஒழுங்காகக் காட்டி மருந்தெடுக்கிறார் என்று திருப்தி ஏற்பட்டது. "சரி, இதைப் பெரியம்மாட்டைச் சொல்லும்."

"ஐயோ! பெரியம்மா தன்ர தூளாலைதான் வந்ததெண்டு அழுவா. சித்தப்பா, ஓம் அதாலைதான் எண்டு சொல்லுவார். நீங்களே பதமாச் சொல்லிவிடுங்கோவன்."

"அது நடவாது. ஒருத்தற்ற வருத்தத்தை நான் மற்றாக்களுக்குச் சொல்லுறேல்லை. வேலைக்குச் சேந்த முதல்நாள் கையெழுத்துப் போட்டனான்."

"நீங்கள் இப்ப பென்சனெல்லோ?"

"கையெழுத்துக்குப் பென்சன் இல்லை."

இந்த நேரம் பார்த்துப் பேர்ணடெற், பெட்டி கட்டியாயிற்றா என்று பார்க்க வந்தார். யோகராணி போனை அவர் கையில் திணித்தார். "கிளிபோட் உங்களிட்டை ஏதோ சொல்லவேணுமாம்."

"என்னடா மோனே? தூள் முடிஞ்சுதே?"

கிளிபோட் பெரியம்மாவைப் பார்த்தார். அலுமாரியைப் பார்த்தார். மெதுவாக அதன் கதவைக் காலால் சாத்தினார். "ஓம் பெரியம்மா. எப்பவோ முடிஞ்சுது."

"கேட்டியே பிள்ளை! பெடியன் அங்கை வெறுஞ்சோறு தின்னுறான்!" பேர்ணடெற் ஓட்டமும் நடையுமாகப் போய், இருபது நிமிடத்தில் இன்னொரு கிலோவோடு வந்து வைத்துவிட்டுப் போனார். இப்போது பன்னிரண்டு.

யோகராணி திரும்ப அழைத்தார்.

"தம்பி, நான் சனத்துக்குக் குளிசை குடுத்து வாழ்ந்தனான். கையிலை குடுத்திட்டுப் போறேல்லை. விழுங்கின பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பாத்திட்டுத்தான் போவன். மூண்டு மாதம் அங்கை நிப்பன். ஒவ்வொரு பின்னேரமும் உம்மட வீட்டை வந்து, இந்தத் தூளிலை கறி வைச்சு, நாக்கைத் தூக்கிப் பாப்பன்."

"பகிடிதானே அன்ரி?"

"நான் பகிடி விடுறேல்லை." போனைத் திருப்பி, வெளியே நின்ற நாலு லப்டொப்பையும் காட்டினார். "உதிலை இருக்கிற எட்டுப் பேரும் இன்னும் மட்டையிலை தட்டிக்கொண்டிருக்கப் போகினம். ஏனெண்டு கேட்டா உம்மட வீட்டுக்கு வழி காட்டுவன்."

கிளிபோட் போனை வைத்துவிட்டார்.

ஒரு மணித்தியாலம் கழித்து அவருடைய குடும்ப வட்ஸப் குழுவில் அவரின் செய்தி விழுந்தது. பேர்ணடெற் முன்பே நிலாணியையும் அதில் சேர்த்திருந்ததால் அவள் உரக்க வாசித்தாள். "எல்லாருக்கும் வணக்கம். எனக்கு அஞ்சு வருசமா அல்சர். தூளிலை ஒரு பிழையும் இல்லை. எல்லாற்றை தூளும் ஒரேயளவு நல்லது. தயவுசெய்து அனுப்பவேண்டாம்."

முதல் பதில் இரத்தினவேலுடையது. "ஒரேயளவு எண்டதை நான் ஏற்கமாட்டன்."

பேர்ணடெற் ஒன்றும் எழுதவில்லை. பார்த்ததற்கு அடையாளம் மட்டும் இருந்தது. யோகராணி அந்த அடையாளத்தை இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு பன்னிரண்டாவது லப்டொப்பை எடுத்து, பஞ்சுக் குச்சியால் அழுத்தித் துடைத்தார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அழைப்பு மணி அடித்தது. பேர்ணடெற், தலையணை அளவில் இரண்டு பைகளோடு நின்றார்.

"தூளை எடு" என்றார்.

யோகராணி எல்லாப் பாசலையும் கொண்டுவந்து வாசலில் வைத்தார். பேர்ணடெற் இரத்தினவேலின் பாசலைத் தேடி எடுத்து, முடிச்சை அவிழ்த்து மணந்து பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது. "வாசம் இருக்குத்தான். அவருக்குச் சொல்லிப்போடாதை." திரும்பக் கட்டிவிட்டு, தலையணைகளை நீட்டினார். "மணத்தக்காளி வத்தல். வயித்துப் புண்ணுக்கு உதை மிஞ்ச ஒண்டுமில்லை. ராத்திரியே எல்லாற்றை வீட்டையும் போய்ச் சேத்தனான். பாரமே இல்லை."

"உங்களுக்கு என்னிலை கோவமோ அக்கா?"

"உன்னிலை ஏனடி கோவம்? அஞ்சு வருசமா எனக்குப் புளுகின அவன்ர காதை, நீ போய் இறங்கின உடனை நல்லா முறுக்கிவிடு."

தராசில் வைத்தபோது ஒரு கிலோ எண்ணூறு. ஆனால் பெட்டியில் பாதியை அடைக்கும் பருமன். யோகராணி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சமையலறையிலிருந்து சின்னப் பைகளை எடுத்து வந்து, வத்தலைப் பிரித்துப் போட்டுக் கட்டினார். ஒரு லப்டொப், மேலே ஒரு பை வத்தல், அதற்கு மேலே அடுத்த லப்டொப். குலுக்கினால் ஒன்றோடொன்று முட்டவில்லை. பன்னிரண்டும் உள்ளே போயின.

நிலாணி ஒரு பெட்டியின் மேல் ஏறி இருந்தாள். பேர்ணடெற் மற்றதில் இருந்தார். யோகராணி சிப்பை இழுத்து மூடினார். ஒன்று இருபத்துமூன்று, மற்றது இருபத்திரண்டு எண்ணூறு. ஆறேகாலுக்குக் காரில் ஏற்றினார்கள்.