முகத்தை நேராக வைத்த ஹஸ்னா அக்கா

பி.எஸ்சி. முடித்ததும் கும்மிடிப்பூண்டி பொம்மைக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே ஹஸ்னா அக்கா திட்டு வாங்கிக்கொண்டு நின்றார். வர்ணம் பூசிய மார்பளவுச் சிப்பாய்களைக் கம்பி செருகி மரப்பீடத்தில் ஒட்டுபவர் அவர். சிப்பாயின் தலை பக்கவாட்டில் திரும்பியிருக்கும். மார்புதான் பீடத்தின் முன்பக்கத்துக்கு நேராக வர வேண்டும். அக்கா முகத்தை நேராக வைத்து அன்றைய லாட் பொம்மைகள் முழுவதையும் ஒட்டிவிட்டார்.

“இன்னாம்மா, சிப்பாய்ங்க எல்லாரும் உன்னியே பாத்துக்கினு இருக்கணுமா?” என்றார் சூப்பர்வைசர் அன்புராஜ்.

“ஆளுன்னா மொகத்ததானே சார் பாக்கணும்?” என்ற அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீ படிச்ச புள்ள. பிரிச்சிக் குடுப்பா, வேல போயிடும்.”

ஒன்றைத் திருகிப் பார்த்தேன். பசை விடவில்லை, கழுத்து வர்ணம்தான் பெயர்ந்து வந்தது.

அன்றே அவரை நிறுத்திவிட்டார்கள். இப்போது பழவேற்காட்டில் இறால் உரிக்கப் போகிறார்.