அண்ணாச்சிமார் ஏறிய கப்பல்

உல்லாசக் கப்பலில் பரிமாறுகிறவனின் சம்பளத்தில் பாதியைக் கம்பெனி தருகிறது. மீதியைப் பயணிகளின் வயிறு தருகிறது. வயிறு குளிர்ந்தால் அவர்கள் அறைக்கணக்கில் சேர்கிற சர்வீஸ் சார்ஜ் கழிபடாமல் நிலைக்கும், இறங்கும்போது நம் பெயரைப் போட்டு நல்லதாக எழுதுவார்கள், அதைப் பார்த்து அடுத்த ஒப்பந்தம் வரும். அடுத்தவர் முகத்தைப் பார்த்தே மாதச் சம்பளம் வாங்கப் போகிற தோழர்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

எனக்குக் கொற்கைப் பக்கம். அங்கே நான் கட்டத் தொடங்கிய வீடு ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தோடு நின்றுகொண்டிருந்தது. ஒப்பந்தத்தின் கடைசிப் பயணத்தில் எங்கள் கப்பல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கே வந்து, பலசரக்கு வியாபாரிகள் சங்கத்தின் குடும்பச் சுற்றுலாவை மொத்தமாக ஏற்றிக்கொண்டு கொழும்புக்குக் கிளம்பியது. இவர்களை நல்லபடியாக இறக்கிவிட்டால் வீட்டுக்குக் கூரை. ஒரு புகார் போனாலும் வீடு அப்படியே நிற்கும்.

வாசலில் பொங்கிய மாவு

வீட்டுச் சமையலைக் கப்பலில் ஏற்றக்கூடாது. கடையில் சீல் வைத்த பாக்கெட் வரலாம். தமிழ் தெரிந்தவன் என்று என்னைச் சோதனை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். கடையில் வாங்கிய மக்ரூன் பலகார டப்பாக்கள் தடையில்லாமல் உள்ளே போயின. சங்கத் தலைவர் தங்கப்பழம் அண்ணாச்சியின் மனைவி செல்வக்கனி மதினி ஒரு எவர்சில்வர் தூக்குவாளி கொண்டுவந்திருந்தார். சோதனை மிஷினுக்குள் போகும்போது சாதுவாக இருந்த வாளி, வெளியே வரும்போது மூடியைத் தள்ளிக்கொண்டு நுரைத்தது. காவலுக்கு நின்ற நேபாளத்துக்காரர் பின்வாங்கி வயர்லெஸ்ஸை எடுத்துவிட்டார்.

தோசைமாவு என்று நான் விளக்கினேன். இன்னும் சமைக்கவே இல்லையே, இது எப்படிச் சமையல் ஆகும் என்று மதினி கேட்டார். விதியில் அதற்குப் பதில் இல்லை. ஆனாலும் வாளி கரையிலேயே தங்கிவிட்டது. ஏறும்போது அவர் காவலரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "வெயில்ல வரிசையில நிப்பாட்டுனா மாவு பொங்கத்தான்யா செய்யும். நேரத்தோட உள்ள விட்டிருந்தா அது பாட்டுக்குக் கெடந்திருக்கும்."

சுகர்க்காரர் வாங்கிய பழச்சாறு

பழச்சாற்றுக்கு ஒரு பேக்கேஜ் உண்டு. ஒருமுறை பணம் கட்டினால் பயணம் முடியும்வரை எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். கட்டியவர் மட்டும்தான் குடிக்க வேண்டும். அண்ணாச்சி தன் பெயரில் ஒன்று எடுத்தார். முதல் கிளாஸ் மருமகளுக்குப் போனது, அடுத்தது மச்சினருக்கு, அதற்கடுத்தது மேசையைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். என் மேலாளர் மெல்வின், கோவாக்காரர், கண்ணாலேயே என்னை அங்கே அனுப்பினார்.

"அண்ணாச்சி, இத நீங்க மட்டுந்தான் குடிக்கணும்."

"எனக்குத்தான் சுகர் கெடக்கே தம்பி."

"பெறகு எதுக்கு வாங்குனிய?"

"பிள்ளைய குடிக்கதுக்குத்தான்."

விதியை இன்னொரு தரம் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை; என்மேல் பரிதாபம்தான் வந்தது. "எங்கடையில ஒருத்தன் ஒரு மூடை அரிசி வாங்குனா, நீ ஒத்தயில இருந்து பொங்கித் தின்னுன்னா நான் சொல்லுதேன்?"

ஒரு தரம் கேட்டுவிட்டுப் போனவன்

பயிற்சியில் எங்களுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம்: விருந்தினர் போதும் என்றால் கரண்டியை எடுத்துவிட வேண்டும். முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் அப்படியே செய்தேன். நம் ஊரில் முதல் 'போதும்' வெறும் மரியாதைக்குச் சொல்வது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பல வருஷக் கப்பல் பழக்கம் அதை மறக்கடித்திருந்தது. மறுநாள் காலையில் மெல்வின் என்னைத் தனியே அழைத்தார். செல்வக்கனி மதினி மருமகள் மூலம் இங்கிலீஷில் புகார் சொல்லியிருந்தார்: பந்தியில் கஞ்சத்தனம், ஒரு தரம் கேட்டுவிட்டு ஓடிவிடுகிறான். கடைசிப் பயணத்தில் புகார். எனக்கு என் வீட்டின் லிண்டல்தான் கண்ணில் வந்தது.

அன்று மத்தியானம் நான் கப்பலை மறந்துவிட்டுக் கல்யாண வீட்டில் நின்றேன். "வேண்டாம்ப்பா" என்று தட்டை மறைத்த கைகளுக்கு இடையில் சாம்பார் ஊற்றினேன். அப்பளத்தைக் கேட்காமல் வைத்தேன். தூரத்தில் இருந்து பார்த்த மெல்வின், ஒரு விருந்தினர் இரண்டு கையாலும் தட்டைப் பொத்திக்கொண்டதைக் கண்டதும் மன்னிப்புக் கேட்க ஓடிவந்தார். மதினி அவரை நிமிர்ந்து பார்த்துத் தமிழிலேயே சொல்லிவிட்டார்: "இப்பந்தான் பிள்ள பரிமாறவே ஆரம்பிச்சிருக்கான். நீங்க போயி ஒங்க சோலியப் பாருங்க."

கழித்ததும் ஏற்றியதும்

பாசம் ஆளைக் கவிழ்க்கும் என்பதைக் கடைசி நாளில் கண்டேன். சர்வீஸ் சார்ஜ் எல்லா ஊழியருக்கும் பங்காகப் போகிறது என்று அண்ணாச்சி எங்கேயோ விசாரித்துத் தெரிந்துகொண்டார். பயணி கேட்டால் கவுண்டரில் அதைக் கழித்துவிடுவார்கள் என்பதையும் தெரிந்துகொண்டார். சங்கம் முழுவதையும் கூட்டிப்போய்க் கழிக்க வைத்துவிட்டு, எல்லாரிடமும் வசூல் செய்த பணத்தை ஒரு கவரில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தே என் சட்டைப்பையில் திணித்தார். "ஊர்ப்பிள்ள உழைச்சதுக்குக் கண்டவனுக்கெல்லாமா பங்கு? முழுசும் நீயே வச்சுக்கோ."

கப்பல் விதிப்படி, சார்ஜைக் கழித்த பயணி கையில் தருகிற பணம் பொதுப் பணத்தில்தான் சேர வேண்டும். அதைவிட, கழிக்கச் சொல்லிப் பயணிகளைத் தூண்டினான் என்று ஒரு பேச்சு வந்தால் அந்த ஊழியன் அடுத்த துறைமுகத்திலேயே இறங்க வேண்டியதுதான்.

"அண்ணாச்சி, நான் சொல்லிக்குடுத்துதான் கழிச்சியன்னு நெனப்பாங்க. எனக்கு வேலை போயிரும். கீழ பாத்திரம் கழுவுத ஜெபராஜுக்கும் பங்கு போச்சு. அவனும் நம்ம பக்கந்தான், ஆறுமுகநேரி."

"ஆறுமுகநேரியா? எங்கன இருக்கான்? கூப்பிடுலே, பாப்போம்."

"பயணிகள் இருக்க பக்கம் அவன் வரக்கூடாது அண்ணாச்சி."

அண்ணாச்சி தான் சாப்பிட்ட தட்டைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். சங்கம் முழுவதும் பின்னால் வர அவர் கவுண்டருக்குப் போனதும், அங்கே இருந்த பெண் கலவரம் என்றே நினைத்துவிட்டாள். அவளிடம் அவர் சொன்னார்: "கழிச்சதெல்லாம் திரும்ப ஏத்தும்மா. கீழ ஆளு இருக்குன்னு தெரியாமக் கழிச்சுட்டோம்."

விசாரணையில் ஜெபராஜ்

சார்ஜ் திரும்பக் கணக்கில் ஏறிவிட்டதால், அதற்கு மேல் கையில் தந்த கவர் விதிப்படியே எனக்குச் சொந்தமானது. கப்பலை விட்டு இறங்குமுன் பயணிகள் கருத்து எழுத வேண்டும்; அதில்தான் என் ஒப்பந்தம் இருந்தது. வியாபாரிகள் யாரும் குறை எழுதவில்லை. சிறந்த ஊழியர் என்ற இடத்தில் அத்தனை குடும்பமும் ஒரே பெயரை எழுதியிருந்தது: ஜெபராஜ், ஆறுமுகநேரி.

குறை இல்லை என்பதற்காக எனக்கு ஒப்பந்தம் நீண்டது. வீட்டுக்குக் கூரைக் கான்கிரீட் போட்டாயிற்று. ஜெபராஜைத்தான் விசாரணைக்கு அழைத்தார்கள். அடுப்படிக்கு அடியில் வேலை செய்கிறவன் இத்தனை பயணிகளோடு எப்போது பழகினான் என்று மெல்வினுக்கு ஒரே சந்தேகம். நான் போய் முழுக்கதையையும் சொன்ன பிறகு மெல்வின் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். நடந்தது ஒன்றும் புரியாமல் நின்ற ஜெபராஜ் என் காதருகே கேட்டான்: "ஏலே, நான் இந்தக் கப்பல்ல ஏறுனதுலருந்து கடலயே ஒழுங்காப் பாத்ததில்ல, பயணிய எங்கன போயிலே பாத்தேன்?"

ஆகவே பரிமாறப் போகிற தோழர்களே, நீங்கள் எவ்வளவு பணிவாகக் குனிந்து பரிமாறினாலும் நல்ல பெயர் தட்டுக் கழுவுகிறவனுக்குப் போய்விடலாம், அதற்காக வருத்தப்படாதீர்கள், அவனாவது போதும் என்றவரைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தவில்லை.