பாஸ்கர் படமெடுக்கக் கற்றுக்கொண்ட கதை

அத்தை காமிரா கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது அப்பா மறுக்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று மட்டும் சொன்னார். "துணைக்கு" என்றார். பத்து வயதில் எனக்குக் கிடைத்த முதல் பதவி அது. அத்தையை மாடு முட்டாமலும் கடல் அலை இழுத்துக்கொண்டு போகாமலும் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று புரிந்துகொண்டேன். அந்த வேலையைக் கடைசிவரை ஒரு குறையும் இல்லாமல் செய்தேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாத்தா இறந்ததும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்களோடு தி. நகருக்கு வந்துவிட்டவள். அப்பாவுக்கு ரங்கநாதன் தெருவில் ஒரு சின்னப் பாத்திரக்கடை. அத்தை இங்கேயே படித்து, மவுண்ட் ரோட்டில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் சேர்ந்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் கைப்பையும் டிபன் பாக்சுமாக பஸ் ஏறிய முதல் பெண் அவள்தான். ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதும் போவதுமாக இருந்தார்கள். பெண் வேலைக்குப் போவது சிலருக்குப் பிடிக்கவில்லை. வேலையை விடமாட்டேன் என்று அத்தை சொன்னது மீதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் போன பிறகு வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள்.

பீரோவின் மேல்தட்டில் ஒரு பெட்டிக் காமிரா கிடந்தது. கல்யாணமான புதிதில் அப்பா வாங்கியது. அம்மாவை இரண்டு முறை தலையில்லாமல் எடுத்துவிட்டு அத்தோடு மேலே தூக்கி வைத்துவிட்டார். அத்தை அதைத் தூசி தட்டி எடுத்தாள். ஆபீசில் அவளுடைய சிநேகிதி விமலாவிடம் ஒரு காமிரா இருந்தது. கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் கொடுத்தது. மூன்றாவது ஆள் பாஸ்கர். அதே ஆபீஸ், பக்கத்து மேஜை. அவருடைய காமிராவை சிங்கப்பூரிலிருந்து யாரோ உறவுக்காரர் அனுப்பியிருந்தார். தோல் உறையும் வாரும் பளபளப்புமாக அது மற்ற இரண்டையும் ஏழைகளாக்கிவிட்டது.

"எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதுங்க. மூணு பேருமா சேர்ந்தே கத்துக்கலாம்" என்று முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் குளத்துக்குப் போனோம். வெயில் ஏறுவதற்கு முந்திய காலை. படியில் புறாக்கள் இறங்குவதும் எழும்புவதுமாக இருந்தன. விமலா ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காமிராவுக்குள் பார்ப்பாள். ஒன்றும் தெரியாமல் திரும்ப மாட்டிக்கொள்வாள். வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி அத்தை பின்பக்கமாகவே நடந்து ஒரு பூக்காரியின் கூடையில் இடித்தாள். "கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்று பூக்காரி கத்தியதும் அத்தை அவளையே ஒரு படம் எடுத்துவிட்டாள். பாஸ்கர் என்னைப் படியில் உட்காரவைத்து, கன்னத்தில் கை வைக்கச் சொல்லி, எழுந்து, தள்ளி, குனிந்து, என்னென்னவோ செய்து எடுத்தார். எனக்குக் கழுத்து வலித்தது. ஆனாலும் சினிமாக்காரி மாதிரி வந்துவிடுவேன் என்ற நம்பிக்கையில் அசையாமல் இருந்தேன்.

அந்த வாரம் முழுவதும் அத்தை ஆபீசிலிருந்து வருகிற நேரத்துக்கு வாசலில் காத்திருந்தேன். கடைசியில் ஒரு நாள் படங்கள் வந்தன. விமலாவின் படத்தில் கோபுரம் பாதி. அத்தையின் படத்தில் பூக்காரி நன்றாகவே வந்திருந்தாள், திட்டுகிற வாயோடு. பாஸ்கருடையது ஒன்றுகூட இல்லை.

"லென்ஸ் மூடியைக் கழட்டாமலே எடுத்திருக்காரு" என்று சொல்லிச் சொல்லி அத்தை சிரித்தாள். "இன்னொரு நாள் போகணும். பாவம்ல?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கழுத்துவலி வீணாகிவிட்டது.

அடுத்த தடவை அடையாறு பக்கம் கடற்கரைக்குப் போனோம். கட்டுமரங்கள் கரையேறிக் கிடந்தன. விமலா நண்டுகளைத் துரத்திக்கொண்டிருந்தாள். நான் பாஸ்கரை "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அத்தை என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துக்கொண்டு போய், "அண்ணன்னு கூப்பிடாத. மாமான்னு கூப்பிடு" என்றாள். மீசைகூடச் சரியாக வளராத ஒருவரை மாமா என்று கூப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கூப்பிட்டேன். அவர் உடனே கடல் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் அலையைப் படமெடுத்தார். விமலா நண்டை விட்டுவிட்டு மணலில் உட்கார்ந்து சிரித்தாள். நண்டு கடித்துவிட்டதோ என்று நான் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

அந்த ரோலும் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை. எங்கும் போக முடியாமல் பாண்டி பஜாரில் ஒரு கடையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். பாஸ்கர்தான் செய்தியைச் சொன்னார். "பிலிம் பல்லுல மாட்டவே இல்ல பாப்பா. நான் பாட்டுக்குச் சுத்திக்கினே இருந்தேன், அது பாட்டுக்கு உள்ள குந்திக்கினு இருந்திருக்குது."

மூவரும் சிரித்தார்கள். இவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று எனக்குத் தோன்றியது. இப்படியே போனால் பாஸ்கர் மாமா ஆயுசுக்கும் ஒரு படம் எடுக்கப்போவதில்லை. காமிராவையும், வீணான அந்த ரோலையும், காமிராவோடு வந்த விளக்கத் தாளையும் எனக்கு ஒரு வாரம் தர முடியுமா என்று கேட்டேன். அவர் அத்தையைப் பார்த்தார்.

"குடுங்களேன். அவளாவது கத்துக்கட்டும்" என்றாள் அத்தை.

அந்த வாரம் நான் பள்ளிக்கூடப் பாடம் எதையும் தொடவில்லை. தாளில் இருந்த இங்கிலீஷை அத்தை படித்துச் சொன்னாள். மீதியைப் படங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். பின்மூடியைத் திறந்து, பிலிம் நுனியை இழுத்து, எதிர்ப்பக்கத்து உருளையின் இடுக்கில் செருகி, ஓரத்துத் துளைகள் பற்களில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்து மூட வேண்டும். பிறகு சுற்றும்போது இடது பக்கத்துக் குமிழும் கூடவே திரும்பினால் பிலிம் ஓடுகிறது என்று அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்குப் பழகிவிட்டேன். கடையிலிருந்து வந்த அப்பா எட்டிப் பார்த்து, "யாரோடதுட்டி இது?" என்றார். "ஆபீஸ்ல ஒருத்தரோடது, அண்ணே" என்று உள்ளேயிருந்து அத்தை சொன்னாள். அந்த ஒருத்தருக்கு ஒரு பெயர் இருக்கிறதே, அதை ஏன் சொல்லாமல் விட்டாள் என்று யோசித்தேன். மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

மறுபடியும் அதே கடற்கரை. புது ரோலை நான்தான் போடுவேன் என்றேன்.

"வேணாம் பாப்பா, நானே போட்டுக்கறேன்" என்றார் பாஸ்கர்.

"நீங்க போட்டா வராது" என்றேன்.

அவர் காமிராவை என்னிடம் கொடுத்தார். பற்களைச் சரிபார்த்து, மூடி, சுற்றி, குமிழ் திரும்புவதை அவருக்கே காட்டிவிட்டுத் திருப்பித் தந்தேன். அதோடு விடவில்லை. அவர் காமிராவைத் தூக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று, "மூடி!" என்று கத்தினேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், "இன்னாம்மா, மிலிட்டரியா?" என்று கேட்டார். என்னையும் ஒரு படம் எடுத்தார் பாஸ்கர். அதற்குப் பிறகு நான் அவ்வளவு கவனிக்கவில்லை. ரோல் முடிகிற சமயத்தில், நான்தான் இத்தனையும் செய்தேன், எனக்கும் ஒரு படம் எடுக்க உரிமை உண்டு என்று சண்டை போட்டுக் காமிராவை வாங்கினேன். அத்தையையும் பாஸ்கரையும் ஒரு கட்டுமரத்தின் முன்னால் நிற்கவைத்தேன். "கிட்ட வாங்க, கிட்ட வாங்க, இல்லன்னா படத்துல விழ மாட்டீங்க" என்றேன். வந்தார்கள்.

ரோலைச் சுற்றி வெளியே எடுத்ததும் நானே. அவர்கள் கையில் கொடுத்தால் மறுபடி ஏதாவது ஆகிவிடும் என்று என் கவுன் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் நீட்டி, கடைக்குப் பக்கத்து ஸ்டூடியோவில் கழுவி பிரிண்ட் போட்டு வாங்கிவரச் சொன்னேன். அத்தை அப்போது அறை வாசலில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு பாதி முடியில் நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா ரோலை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அத்தை மீதித் தலையை வாரி முடித்தாள்.

அப்பா கவரைப் பிரிக்காமலேதான் கொண்டுவந்தார். கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்தோம். நான் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினேன். ஒன்றுகூட வீணாகவில்லை. என் படம் ஒன்று. பிறகு அத்தை காமிராவில் பிலிம் சுற்றுகிறாள். அத்தை செருப்பிலிருந்து மணலை உதறுகிறாள். அத்தை வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்க்கிறாள். காக்கைகளை எடுத்த படத்தில்கூட, காக்கைகள் மங்கலாகி, பின்னால் அத்தை தெளிவாக இருந்தாள். கடைசியில் நான் எடுத்தது. கட்டுமரம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அத்தையும் பாஸ்கரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சிரித்தார்கள். இருவருக்கும் தலை முழுதாக இருந்தது.

"இதை யாரு எடுத்தது?" என்றார் அப்பா.

"நான்" என்றேன்.

அம்மா அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"யாரு இந்தப் பையன்?"

"பாஸ்கர். எங்க ஆபீஸ்தான்" என்றாள் அத்தை. தலையைக் குனிந்துகொள்ளவில்லை. "நம்ம ஆளுங்க இல்ல, அண்ணே. வீட்டுல தெலுங்கு பேசுவாங்க. சைதாப்பேட்டை. அவங்க நைனா பஸ் டிரைவர்."

கேட்டதற்குமேல் அவள் எதற்குச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அப்பா படங்களை அடுக்கிக் கவரில் போட்டு பீரோவில் வைத்தார். சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு பல நாள் அப்பா அதிகாலையில் கடைக்குப் போய், எல்லோரும் படுக்கிற நேரத்துக்கு வந்தார். அத்தை ஆபீசுக்குப் போனாள், வந்தாள். கண் சிவந்திருந்தாலும் வேலை எதையும் நிறுத்தவில்லை. ஒரு நாள் பாதித் தூக்கத்தில் அப்பாவின் குரல் கேட்டது. அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அப்பா போனதுக்கப்புறம் இவ இப்படிச் சிரிச்சு நான் பாக்கலயே." நான் படுத்தபடியே அதை மனதுக்குள் மறுத்தேன். அத்தை தினமும்தான் சிரிக்கிறாள். அப்பா கடையிலேயே இருப்பதால் அவருக்குத் தெரியவில்லை.

நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். அப்பாவுக்குக் கோபம் பிலிம் வீணானதைப் பற்றித்தான். முதல் இரண்டு ரோலும் பாழான விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. துணைக்குப் போனவள் என்ற முறையில் இதைத் தீர்த்துவைக்க வேண்டியது நான்தான். காலையில் அவர் செருப்பு மாட்டும்போது போய் நின்றேன்.

"அப்பா, அத்தை மேல கோவப்படாதீங்க. பிலிம் வீணானதுக்கு அத்தை காரணம் இல்ல. அந்த மாமாவுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. மூடியைக்கூடக் கழட்ட மாட்டாரு. ரெண்டு தடவை வரல, அதான் திரும்பத் திரும்பப் போனோம். ஆனா நல்லவரு. இப்ப நான் கத்துக்குடுத்துட்டேன்."

அப்பா ஒரு செருப்போடு நின்றார். அவர் தோள் குலுங்கியது. துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டேன். துண்டை எடுத்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே பார்த்து, "வர்ற ஞாயித்துக்கிழமை அந்தப் பையனை அவங்க அப்பா அம்மாவோட வரச் சொல்லு" என்றார். அறைக்குள் ஏதோ கீழே விழுந்து உருண்டது.

அவர்கள் வந்தார்கள். விமலாவும் வந்தாள். பாஸ்கரின் நைனா பெரிய மீசை வைத்திருந்தார். வந்ததும் அப்பாவிடம் கடை வியாபாரத்தைப் பற்றிக் கேட்டார்; அப்பா அவரிடம் பஸ் ரூட்டைப் பற்றிக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் இருவரும் மாம்பலம் ஸ்டேஷன் நெரிசலைத் திட்டுவதில் ஒன்றுபட்டுவிட்டார்கள். பாஸ்கரின் அம்மா அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, தமிழும் தெலுங்குமாகக் கேள்வி கேட்டுக்கொண்டே, அவள் தலையில் இருந்த பூவைச் சரிசெய்தாள்.

எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. புது ரோல் போட வேண்டியிருந்தது. நான் கை நீட்டுவதற்குள், அப்பா கேட்ட எதற்கோ பதில் சொல்லிக்கொண்டே, காமிராவைப் பார்க்கக்கூடச் செய்யாமல், பாஸ்கர் அதைத் திறந்து, நுனியைச் செருகி, மூடி, சுற்றிவிட்டார். குமிழ் அழகாகத் திரும்பியது. நான் ஒரு வாரம் கஷ்டப்பட்டுப் படித்த வேலையை, பேச்சு முடிவதற்குள் செய்துவிட்டார்.

"எப்ப மாமா இவ்வளவு வேகமாக் கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். விமலா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினாள். துடைக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதானே பாப்பா கத்துக்குடுத்த" என்றார் அவர்.

அது நியாயமான பதிலாகத்தான் எனக்குப் பட்டது. எல்லோருக்கும் முன்னால், நடுவில் போய் நின்றுகொண்டு, கடைசித் தடவையாக, "மூடி!" என்று கத்தினேன்.